ப்ளோயருக்குள் கிடந்தது

வண்டிக்குள் ஏறும் முன் செருப்பைக் கழற்றி வெளியே விடுகிற எலக்ட்ரீஷியனை நான் அவர் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். சீட்டின் மேல் ஒரு சாக்கை மடித்துப் போட்டு, ஒருக்களித்து உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொள்வார். கண்ணாடியின் ஒரு காது உடைந்து போய், வயருக்குச் சுற்றுகிற கறுப்பு டேப்பை அதில் சுற்றி வைத்திருப்பார். புதுசு ஒன்று வாங்கக் கூடாதா என்று கேட்டதற்கு, "இதுலயே தெரியுதே" என்றார்.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகிற ரோட்டில், லாரிகள் ஏறி இறங்குகிற எடை மேடைக்குப் பக்கத்தில் அவருடைய தகரக் கொட்டகை. போர்டு கிடையாது. கார் எலக்ட்ரிகல், ஏசி என்று யாரைக் கேட்டாலும் அங்கேதான் கையைக் காட்டுவார்கள். எனக்கு விழுப்புரத்தில் பாத்திரக்கடை, வீடு திண்டிவனத்தில். தினமும் அந்தக் கொட்டகையைத் தாண்டித்தான் போய் வருகிறேன், இன்றைக்கும்தான். தாண்டும்போது கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொள்கிறேன். எதற்கென்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதல்முறை அவரிடம் போனது ஒரு சித்திரை மாதம். ப்ளோயர் நின்று போயிருந்தது. ஏசி ஓடுகிறது, உள்ளே காற்றை ஊதுகிற விசிறி மட்டும் ஓடவில்லை. வண்டி வெந்நீர்த் தவலை மாதிரி இருந்தது. என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டே, ஒரு வண்டியைக்கூட ஒழுங்காக வைத்துக்கொள்ளத் தெரியவில்லை என்று வழி நெடுக அர்ச்சனை செய்துகொண்டு வந்தாள்.

அவர் எந்தத் திருகாணியிலும் கை வைக்கவில்லை. முதலில் ஒரு கேள்வி கேட்டார். "கடைசியா இதுல யாரு கை வச்சது?"

அதட்டிக் கேட்கவில்லை. என்ன சாப்பிட்டீர்கள் என்று டாக்டர் கேட்பாரே, அந்த மாதிரி. யாருமில்லை என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு ஃபியூஸ் பெட்டியைத் திறந்தார். இடுக்கியால் ஒரு ஃபியூஸைப் பிடுங்கினார். அதன் இரண்டு காலிலும் சாக்லேட் சுற்றி வருகிற வெள்ளித்தாள் மடித்துச் சுற்றியிருந்தது. அது என் கைவண்ணம். ஃபியூஸ் இரண்டு தரம் போனதும், மூன்றாவது தரம் வாங்கச் சோம்பல்பட்டு நானே செய்த வைத்தியம்.

அவர் என் மனைவி பக்கம் திரும்பவே இல்லை. வெள்ளித்தாளை உருட்டி என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை அவரே மடக்கி மூடினார். "ஃபியூசு போயிருக்குதும்மா, வெயிலு" என்று அவளிடம் சொன்னார். அவள் எதிரே இளநீர்க்காரரிடம் போனதும்தான் எனக்குக் கிடைத்தது. குரலை உயர்த்தாமலேயே கிழித்தார். "குடும்பத்தோட போறீங்க, வண்டி பத்திக்கிச்சின்னா என்னா பண்ணுவீங்க? ஃபியூசு உங்க மேல கோவத்துலயா போவுது? உங்கள காப்பாத்தத்தான் சார் அது சாவுது." நாற்பது வயதில் ஒருவரிடம் அப்படித் திட்டு வாங்கிவிட்டு நன்றியாக இருந்தது எனக்கே ஆச்சரியம்.

அத்தோடு புது ஃபியூஸைப் போட்டு அனுப்பிவிடவும் இல்லை. ஃபியூஸ் ஏன் போகிறது என்று பார்க்காமல் அனுப்பினால் அவருக்குச் சோறு இறங்காது. பழைய காலண்டர் அட்டை ஒன்றை எடுத்து அதில் டேஷ்போர்டை ஒரு படமாக வரைந்தார். கழற்றுகிற ஒவ்வொரு திருகாணியையும் படத்தில் அது இருந்த இடத்திலேயே குத்தி வைத்தார். டார்ச்சை என் கையில் கொடுத்தார். வண்டிக்காரன்தான் டார்ச் பிடிக்க வேண்டும், அது அவருடைய சட்டம். கண்ணால் பார்த்தால் நம்புவீர்கள், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போய் ஏமாற்றிவிட்டான் என்பீர்கள் என்பார்.

ப்ளோயர் வைத்தியம் முழுக்க அப்படி டார்ச் பிடித்தே நான் கற்றுக்கொண்டேன். ஒன்று, இரண்டு, மூன்றாம் வேகத்தில் ஓடாமல் நாலில் மட்டும் ஓடினால் மோட்டாருக்கு உயிர் இருக்கிறது, வேகத்தைக் குறைக்கிற ரெசிஸ்டர்தான் போயிருக்கிறது. எதிலுமே ஓடாவிட்டால் க்ளவ் பாக்ஸுக்கு அடியில் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். தட்டினால் ஓடுகிறதென்றால் மோட்டாருக்குள் பிரஷ் தேய்ந்திருக்கிறது. தட்டியும் ஓடவில்லையா, டெஸ்ட் லாம்ப் வைத்துக் கரண்ட் அதுவரைக்கும் வருகிறதா என்று பார்க்க வேண்டும். என் வண்டியில் மோட்டார் இறுகிப்போய் அதிகக் கரண்டை இழுத்துக்கொண்டிருந்தது. உள்ளங்கையை அதன் மேல் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டே அவர் அதைச் சொல்லிவிட்டார்.

இதெல்லாம் தொழில். ஆள் யாரென்று தெரிய அரிசி ஆலைக்காரர் ஒருவரின் கதையைச் சொல்ல வேண்டும். அவர் டிரைவரோடு வந்து நின்றார். ப்ளோயர் சுவிட்ச் வேலை செய்யவில்லை. கழற்றினால் உள்ளே பிசுபிசுவென்று கரும்புச்சாறு, அதில் ஒரு வரிசை செத்த எறும்பு. டிரைவருக்கு முகம் செத்துவிட்டது. முதலாளி, இந்தப் பயல்தானே என்னவோ பண்ணியிருக்கிறான் என்று கேட்டார். "சுவிட்சுக்கு வயசாயிட்டுது மொதலாளி" என்றார் இவர். முதலாளி போன் பேசிக்கொண்டே அப்பால் போனதும், "எறும்பு சாட்சி சொல்லுதுடா, இன்னொரு வாட்டி டம்ளரோட வண்டியில ஏறின, கைய ஒடிப்பேன்" என்று டிரைவருக்கு விழுந்தது.

எதற்கு அந்தப் பொய் என்று அப்புறம் கேட்டேன். எனக்கு ஃபால்ட் எங்கே என்று தெரிந்தால் போதும், ஆள் யாரென்று தெரிந்து வண்டி ஓடப் போகிறதா, அவன் வேலைதான் போகும் என்றார். கையைத் துடைத்துக்கொண்டே அலட்சியமாகச் சொன்னார். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. எங்கள் ஆட்களிடம் எல்லாம் அவரைப் பற்றிச் சொன்னேன்.

எங்கள் ஆட்கள் என்றால் நயினார்கள். சமணர்கள் என்றால் எல்லோருக்கும் விளங்கும். திண்டிவனத்திலும் வல்லத்திலும் மேல்சித்தாமூரிலும் கார் வைத்திருந்த எங்கள் வீடுகள் ஒவ்வொன்றாக அவரிடம் போக ஆரம்பித்தன. ஒருமுறை எங்கள் சொந்தக்காரர் வண்டி ப்ளோயரில் பல்லி ஒன்று ஒண்டியிருந்ததாம். அதுவாக வெளியே போகிற வரைக்கும் வேலையை நிறுத்திவிட்டு டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். அதற்குப் பிறகு எங்கள் வீடுகளில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை. கொட்டகையில் நிற்கிற வண்டிகளில் பாதி எங்களுடையதாக இருந்தது.

என் மாமனாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேல்சித்தாமூர்க்காரர், நிலத்தில் உழைத்தவர். நடக்கும்போது பார்வை தரையில்தான் இருக்கும், எறும்பு மேல் கால் பட்டுவிடக் கூடாதென்று. மாமியார் போன பிறகு, ஒரே மகள் வீடென்று எங்களோடு வந்துவிட்டார். பனி வந்தால் மூச்சு இழுக்கும். என்னைப் பற்றி அவருக்கு ஒரு கர்வம். என் மாப்பிள்ளை கொசு பேட்டைக்கூடக் கையால் தொட மாட்டார் என்று பார்க்கிறவரிடமெல்லாம் சொல்வார். வீட்டில் கொசு பேட் கிடையாது, வாஸ்தவம். கடையில் இருந்தது. பொழுது சாய்ந்த பின் சாப்பிடக் கூடாது என்பார் அவர். நான் விழுப்புரத்தில் விளக்கு வைத்து இரண்டு மணி நேரம் கழித்துத் தோசையைத் தின்றுவிட்டு வந்து, பசியில்லை என்று அவர் முன்னால் தண்ணீர் குடிக்கிற ஆள்.

அந்த வருஷம் வல்லத்துப் பக்கம் இருக்கிற நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, நன்றாக விளைந்தது. மூட்டைகளைக் கார் ஷெட்டிலேயே அடுக்கினேன். எலிக்குக் கேட்க வேண்டுமா? இரண்டு தடவை வயரைக் கடித்துவிட்டது. வீட்டில் எலியைக் கூண்டு வைத்துப் பிடித்து உயிரோடு கொண்டுபோய் விடுவதுதான் வழக்கம். ஏரிக்கரை தாண்டி விட்டுவிட்டு வர வேண்டும் என்று மாமா சொல்லுவார். நான் தெருமுனையிலேயே திறந்துவிட்டுத் திரும்புவேன். எனக்கு முன்னால் அது வீட்டுக்கு வந்திருக்கும்.

இரண்டாவது தடவை வயரை ஒட்டிக் கொடுத்தபோது எலக்ட்ரீஷியன் சொன்னார், மூட்டைகளை அப்புறப்படுத்துங்கள், ராத்திரி நிறுத்தும்போது வெளிக்காற்று லீவரை மூடிவிட்டு நிறுத்துங்கள், அந்த வழியாகத்தான் ப்ளோயருக்குள் இறங்குகிறது, ஒரு கம்பி வலை வாங்கி வாருங்கள், நானே கட்டிவிடுகிறேன் என்று. சரி, சரி என்றேன். ஒன்றும் செய்யவில்லை. மூட்டையை நகர்த்த ஆள் பார்க்க வேண்டும், வலைக்குக் கடைக்குப் போக வேண்டும், எல்லாம் பேஜாரு.

விஷம் வாங்குவது சுலபமாக இருந்தது. திண்டிவனத்தில் வாங்கினால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று விழுப்புரத்தில், என் கடையிலிருந்தும் தள்ளி ஒரு கடையில் வாங்கினேன். நீல நிறக் கேக், சோப்புத் துண்டு மாதிரி. எலி மருந்து என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள், மருந்துதானே என்று ஒரு சமாதானம். கையில் பாலிதீன் பையை மாட்டிக்கொண்டு, பானட்டைத் தூக்கி, வைப்பருக்குக் கீழே நாலு இடத்தில் வைத்தேன். உள்ளே என் மாமா சாயங்காலப் பாராயணத்தில் இருந்தார். கையை மூன்று தடவை கழுவிவிட்டுப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

மார்கழி. விடியற்காலையில் மேல்சித்தாமூர் கோயிலுக்குப் போக வேண்டும் என்றார் மாமா. பனி மூட்டம், கண்ணாடியை இறக்கினால் அவருக்கு இழுப்பு வந்துவிடும். ஏற்றினால் முன்கண்ணாடியில் ஆவி படிகிறது. நம் ஊரில் ஏசிக் குமிழைச் சிவப்புக் கோட்டுப் பக்கம் திருப்பியவர் யாராவது உண்டா? நான் அன்றைக்குத் திருப்பினேன். ஹீட்டர் சூடு வந்தது, கூடவே ஒரு நாற்றமும் வந்தது. ப்ளோயர் கரகரவென்று இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு நின்றது.

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. மாமா மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். "மாப்ள, எதுவோ ஒண்ணு உள்ள போயி மாட்டிக்கினு இருக்குது. இன்னும் உசுரு இருந்தாலும் இருக்கும், கோயிலு எங்க போவுது, மொதல்ல அத எடுக்கச் சொல்லுங்க" என்றார். வண்டியைத் திருப்பினேன்.

வேறு இடத்துக்குப் போயிருக்கலாம். மாமாவை வீட்டில் விட்டுவிட்டுத் தனியாகப் போயிருக்கலாம். அவரிடம் நேரே போனதற்குக் காரணம், எதைக் கண்டுபிடித்தாலும் அவர் என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டார் என்கிற தைரியம். அதை நம்பித்தான் போனேன், இதை மறைத்து எழுதி என்ன ஆகப் போகிறது?

அப்போதுதான் கொட்டகையைத் திறந்துகொண்டிருந்தார். மாமாவுக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். செருப்பைக் கழற்றினார், சாக்கை விரித்தார், வழக்கம் போலக் கேட்டார். யாரும் கை வைக்கவில்லை அண்ணே என்றேன். டார்ச் என் கைக்கு வந்தது. க்ளவ் பாக்ஸ் கழன்று வந்தது, அதற்குப் பின்னால் ஒரு மூடி, அப்புறம் ப்ளோயரைத் தாங்கியிருக்கிற மூன்று திருகாணிகள். கீழே இறக்கினார்.

விசிறியின் கூண்டு முழுக்கப் பஞ்சும், மல்லாட்டைத் தோலும், என் மனைவியின் பழைய புடவை நூலும். அதற்கு நடுவில் ஓர் எலி, அதன் வயிற்றோடு ஒட்டி நாலைந்து குட்டிகள், கண் திறக்காதவை. எல்லாம் போய்விட்டிருந்தன. பக்கத்தில் பல் பதிந்த நீலத் துண்டு.

அவர் நிமிர்ந்து என்னை ஒரு தடவை பார்த்தார். தோளில் கிடந்த துணியை எடுத்து அதன் மேல் போட்டு மூடினார். மூடுகிற அவசரத்தில் நீலத் துண்டு நழுவிக் கீழே தரையில் விழுந்தது. ஏதாவது பிழைத்திருக்கிறதா என்று பார்க்க மாமா எழுந்து வந்து கதவண்டை நின்றிருந்தார். அவர் விவசாயி. அது என்னவென்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"இத யாரு வச்சது?"

எங்கள் இருவரில் யாரையும் பார்த்துக் கேட்கவில்லை, துண்டைப் பார்த்துக் கேட்டார். எனக்கு நேரம் இருந்தது. எதிரே ஒரு லாரி எடை மேடையில் ஏறியது, நின்றது, இறங்கிப் போனது. அவ்வளவு நேரம் இருந்தது. டார்ச்சை அணைக்கக்கூடத் தோன்றாமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நான்தாங்க ஐயா" என்றார் எலக்ட்ரீஷியன். "போன வாட்டி வயர கடிச்சிருந்துது. சாரக் கேக்காம வச்சிட்டேன்."

மாமா யாரையும் ஒருமையில் பேசி நான் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டேன். "குட்டி போட்டுக் கெடக்கறதுக்கு வெஷத்த வச்சியே, உனுக்குக் கை எப்பிடி வந்துது? எங்க வூட்டு வண்டின்னு தெரியுமில்ல?" மூச்சு இழுக்க ஆரம்பித்தது. கார்க் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"தெரியுங்க. தப்புதான்."

கொட்டகைக்குப் பின்னால் கடப்பாரையால் அவரே குழி தோண்டினார். துணியோடு வைத்து மண்ணைத் தள்ளி மூடுகிற வரைக்கும் மாமா நின்று பார்த்தார். பிறகு, இனிமே இங்க வர வேணாம் மாப்ள என்று சொல்லிவிட்டு ரோட்டுக்கு நடந்தார். அவர் அந்தப் பக்கம் போனதும் எலக்ட்ரீஷியன் என்னிடம் வந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. "பெரியவருக்கு மூச்சு வாங்குச்சி, அதான் இப்பிடிச் சொன்னேன். ரெண்டு நாளுல நீங்களே பதமா எடுத்துச் சொல்லிடுங்க சார்" என்றார். கட்டாயம் சொல்கிறேன் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மண் ஒட்டிய கை.

இரண்டு நாளும் மாமாவுக்கு உடம்பு சரியில்லை. அதனால் சொல்லவில்லை. மூன்றாம் நாள் தேறிவிட்டார். தேறினவரை மறுபடி படுக்க வைப்பானேன் என்று சொல்லவில்லை. அப்புறம் பொங்கல். பொங்கலும் அதுவுமாக எதற்கு? இப்படியே ஒவ்வொரு நாளுக்கும் ஒரு காரணம் கிடைத்துக்கொண்டே இருந்தது. மாமா கோயிலில் யாரிடமோ வருத்தப்பட்டுச் சொன்னார், அவர்கள் வேறு யாரிடமோ சொன்னார்கள். எங்கள் ஆட்களின் வண்டிகள் அந்தக் கொட்டகைப் பக்கம் போவது நின்றது.

அது எங்களோடு நிற்கவில்லை. வெளியே போகப் போகப் பேச்சில் எலி காணாமல் போய்விட்டது. கேட்காமல் வண்டியில் எதையோ வைக்கிறாராம் என்று மட்டும் மிஞ்சியது. ஒரு எலக்ட்ரீஷியனைப் பற்றி அதைவிட மோசமாக என்ன சொல்ல முடியும்? ஒரு கல்யாண மண்டபத்தில் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது பெருமுக்கலிலிருந்து வந்திருந்த ஒருவர் என்னிடமே கேட்டார், உங்கள் வண்டியிலா நடந்தது, நிஜமா என்று. "ஆமாம், கேக்காமக்கூட வச்சிட்டான்" என்றேன். அண்ணே, அண்ணே என்று இத்தனை வருஷம் கூப்பிட்டவரை 'வச்சிட்டான்' என்று சொன்னேன். சொல்லிவிட்டுப் பாயசத்தை அப்பளத்தோடு சேர்த்துச் சாப்பிட்டேன், நன்றாகவே இருந்தது. அதை நினைத்தால்தான் இப்போதும் உடம்பு கூசுகிறது.

ப்ளோயரை விழுப்புரத்தில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் மாற்றினேன். யூனிட்டோடு கழற்றிப் போட்டுவிட்டுப் புதுசு மாட்டினார்கள். ஒரு கேள்வி கேட்கவில்லை. அது எனக்குச் சௌகரியமாக இருந்தது. வைகாசியில் பார்த்தபோது அவருடைய கொட்டகையில் பாதியைப் பஞ்சர் ஒட்டுகிறவருக்கு விட்டிருந்தார். மீதிப் பாதியில் ஒரு டூவீலருக்கு ஹாரன் மாற்றிக்கொண்டிருந்தார்.

எங்களில் ஒரு வழக்கம் உண்டு. பத்து நாள் நோன்பு முடிந்ததும், அந்த வருஷம் முழுக்கத் தெரிந்தோ தெரியாமலோ யார் மனசையாவது நோகடித்திருந்தால் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். பெரியவர்கள்கூடச் சின்னவர்களிடம் கேட்பார்கள். அந்த வருஷ நோன்பு முடிந்த மறுநாள் காலையில் மாமா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து, என்னை வண்டியை எடுக்கச் சொன்னார்.

"அந்த எலக்ட்ரீசியன் கிட்ட போவணும். அவன் செஞ்சது தப்புதான். அதுக்காக நான் அவன நீ, வான்னு பேசினது எட்டு மாசமா உறுத்துது."

நாளைக்குப் போகலாமே மாமா, வெயிலாக இருக்கிறதே என்றேன். கேட்கவில்லை. போனோம். எடை மேடைக்கு எதிரே வண்டியை நிறுத்தி, அவர் முழங்கையைப் பிடித்து ரோட்டைத் தாண்ட வைத்தேன். எலக்ட்ரீஷியன் எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது, சத்தியமாக வந்தது. நான் சொல்லிவிட்டேன், அதற்காகத்தான் வந்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டார்.

மாமா இரண்டு கையையும் கூப்பினார். அன்னைக்குக் கோபத்தில் மரியாதை இல்லாமல் பேசிவிட்டேன், மன்னித்துவிடுங்கள், நீங்கள் செய்த பாவத்தையும் நான் மனசில் வைத்துக்கொள்ளவில்லை என்றார். எலக்ட்ரீஷியன் என்னைப் பார்த்தார். அந்த வெளிச்சம் போய்விட்டது. நான் மாமாவின் முழங்கையை விடவில்லை, பிடித்துக்கொண்டே தரையைப் பார்த்தேன். அவர் சட்டென்று குனிந்து மாமாவின் கைகளைப் பிடித்து இறக்கிவிட்டார். "நீங்க போயி கையெடுத்துக் கும்பிடறதா ஐயா? வேணாங்க" என்றார். மாமாவுக்கு டீ வரவழைத்தார், மாமா வெளியில் சாப்பிட மாட்டார் என்று நினைவு வந்து, திருப்பி அனுப்பினார்.

மாமாவை வீட்டில் விட்டுவிட்டு, அன்று மத்தியானமே நான் தனியாகத் திரும்பிப் போனேன். இன்றைக்கே சொல்லிவிடுகிறேன் அண்ணே, சொல்லட்டுமா என்று கேட்டேன். சொல்லட்டுமா என்று அவரிடம் கேட்டேன், பாருங்கள். அவர் ஒரு பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஊற்றி முடித்து மூடிகளைத் திருகிவிட்டுத்தான் பேசினார்.

"என்ன எதுக்கு சார் கேக்கறீங்க? டிரைவருங்க பேரச் சொல்லாத மறைச்சேன்னா, அவனுங்களுக்கு வேல பூடும், வூட்ல ஒல வைக்க முடியாது. உங்களுக்கு என்னா பூடும்னு பயந்தீங்க? ஒரு கெட்ட பேரு. அத நான் எட்டு மாசமா வச்சிக்கினு இருக்கறேன்."

விழுப்புரத்தில் நல்ல ஒர்க்‌ஷாப்பெல்லாம் இருக்கிறது, வண்டியை இனிமேல் அங்கேயே காட்டிக்கொள்ளுங்கள் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அவர் ஒரு வண்டியை வேண்டாம் என்று சொல்லி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

எப்படியும் சொல்லிவிடுவது என்று கடையைச் சீக்கிரம் மூடிவிட்டுப் பொழுதோடு வீட்டுக்கு வந்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு மாமாவோடு சாயங்காலச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தேன். அவருக்கு அதில் சந்தோஷம். என் மனைவி கேப்பைக் களியும் கீரையும் வைத்தாள். மாமா, என்று ஆரம்பித்தேன். அவரும் அதே நேரத்தில் பேச ஆரம்பித்துவிட்டார். பெரியவர் பேசும்போது குறுக்கே பேசக் கூடாதென்று நிறுத்தினேன்.

காலையில் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அந்த ஆளைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்றார். அவன் முகம் கண்ணைவிட்டுப் போகவில்லை, நல்ல மனுஷன் என்றார்.

"பாவம் பண்ணிட்டான், இல்லன்னு சொல்லல. ஆனா கேட்ட மாத்திரத்துல நான்தாங்கன்னு ஒத்துக்கினான் பாருங்க, அந்த மனசு எத்தன பேருக்கு வரும் மாப்ள?"

"ஆமாங்க மாமா" என்றேன்.